பால்குடத்துக்குப் போட்ட மாத்திரை

தமிழ்மொழியும் நானும் டவுன்ஷிப்பில் ஒரு விருந்தினர் விடுதியில் வேலை பார்க்கிறோம். கான்ட்ராக்ட்தான். அறை கூட்டுவது, படுக்கை விரிப்பு மாற்றுவது, பாத்ரூம் கழுவுவது. அவள் புருஷன் அன்புச்செல்வன் சுரங்கத்தில் கரி ஓடுகிற பெல்ட் பக்கம் வேலை, அவனும் கான்ட்ராக்ட். மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு, கூடவே மாமியார் வள்ளியம்மாள். கல்யாணமாகி வருஷங்கள் ஓடிவிட்டன, குழந்தை இல்லை. இதை நான் சொல்லவே வேண்டாம். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காருகிறவளே கேட்டுத் தெரிந்துகொள்வாள்.

முதலில் எல்லாம் நாள் தள்ளிப்போனால் மெடிக்கலில் கர்ப்பம் பார்க்கிற கார்டு வாங்கிவந்து சோதித்துப் பார்ப்பாள். ஒரே கோடுதான் விழும். இரண்டாவது கோடு மங்கலாகவாவது தெரிகிறதா என்று பாத்ரூம் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பாள். போன வருஷம் அதையும் விட்டுவிட்டாள். “அந்த ஒத்தக் கோட்டப் பாத்துப் பாத்து அலுத்துப் போச்சுக்கா. இருக்குற தெம்ப வேலைக்காவது வச்சிக்கிறேன்” என்றாள்.

பிறகு மாமியார் சொல்லி, பங்குனி உத்திரத்துக்கு முருகனுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டாள். வேண்டுதல் வேறென்ன, பிள்ளைதான். உத்திரத்தை ஒட்டியே அவளுக்கு நாள் வரும்போல இருந்தது. இங்கே குடம் எடுக்கப்போகிற பெண்கள் முருகனிடம் போவதற்கு முன்னால் மெடிக்கல் ஷாப்புக்குத்தான் போகிறார்கள். தள்ளிப்போட மாத்திரை. இதையெல்லாம் முருகன் கேட்டானா என்று நான் வாயைத் திறந்தால் சண்டை வரும். அவளும் வாங்கிப் போட்டாள். மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு, கால் கொப்பளிக்கிற வெயிலில் குடம் சுமந்து, சந்நிதியில் பாலைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

மாத்திரையை நிறுத்தினால் ஒரு வாரத்துக்குள் வந்துவிடும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். வரவில்லை. வேலையிடத்தில் ஆளுக்கொரு வைத்தியர் முளைத்தார்கள். மாத்திரை போட்டால் அப்படித்தான், எனக்கும் அப்படித்தான், என் ஓரகத்திக்கும் அப்படித்தான். ஃபினாயில் வாடை பட்டாலே அவளுக்குக் குமட்டியது. அதுவும் மாத்திரைச் சூடு என்றார்கள். ஒரு அறை கூட்டி முடிப்பதற்குள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிடுவாள். அது வெயில் என்றார்கள். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார்கள், புண்ணியவதிகள்.

“ஒரு கார்டு வாங்கிப் பாருடி” என்றேன்.

“வேணாங்க்கா. மாத்திர வேலதான் இது. தெரிஞ்சிகினே எதுக்கு இன்னொரு தடவ அழுவணும்?”

அதற்குமேல் என்னால் வற்புறுத்த முடியவில்லை. அந்தக் கண்ணைப் பார்த்தால் யாராலும் முடியாது.

சித்திரை பிறந்து, ஒருநாள் காலையில் மாடி அறையில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தபோது அவளுக்கு வந்துவிட்டது. முதலில் அவளுக்கே ஒரு நிம்மதி. மாமியாருக்குப் போன் போட்டு ‘வந்துட்டுதுங்க அத்த’ என்று சொல்லியும் விட்டாள். ஆனால் கொஞ்ச நேரத்தில் தொடை வரைக்கும் வலி இறங்கியது. கட்டி கட்டியாகப் போனது. வைத்த நாப்கின் ஒரு மணி நேரம் தாங்கவில்லை. சேர்த்துவைத்தது மொத்தமாக வருகிறது என்று மறுபடியும் வைத்தியம் ஆரம்பமானது. எனக்கு வந்ததே கோபம்.

“வாய மூடுங்கடி எல்லாரும். இது வழக்கமா வர்றதா? ஏண்டி, உனக்கு எப்பவாவது இப்பிடி வந்திருக்கா?”

“இல்லக்கா.”

“அப்ப கெளம்பு.”

சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் அவள் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தாள். “தூரமா இருந்தா போயிட்டுப் போவுதுக்கா. வேற எதுவாவதா இருந்தா? எனக்குத் தெரியவே வேணாம்க்கா, வூட்டுக்கே போயிடலாம்.” எனக்கு அது புரிந்தது. வெறும் தள்ளிவந்த மாதவிலக்காக இருந்தால் எப்போதும்போல ஒன்றுமில்லை. வேறாக இருந்தால், இத்தனை வருஷம் கேட்டது வந்து, வந்தது தெரிவதற்குள் போயும்விட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேனே தவிர, ஆட்டோவைத் திருப்பச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் வளர்மதி என்று ஒரு நர்ஸம்மா. மாத்திரை, பால்குடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். “பாத்துட்டு இதுதான்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா. நாள் தள்ளி வந்தாலும் கட்டியாப் போவும், வலிக்கும். கரு கலைஞ்சாலும் அதே மாதிரிதான். சோதிச்சாத்தான் தெரியும்” என்றார்.

“அதான் எல்லாம் போயிட்டுதுங்களே. இனிமே எப்பிடித் தெரியும்?” என்றாள் தமிழ்மொழி.

“கரு தங்கியிருந்தா, கலைஞ்சப்புறமும் கொஞ்ச நாளைக்கி மூத்திரத்துல காட்டும். போய் எடுத்துகினு வா.”

கார்டை மேஜைமேல் வைத்தார். தமிழ்மொழி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான்தான் பார்த்தேன். ஒரு கோடு வந்தது. அப்புறம், அவசரமே இல்லாமல், அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

நான் கூப்பிடவில்லை. அவளாகத்தான் திரும்பினாள். சாய்த்துப் பார்க்கத் தேவையே இல்லை, அவ்வளவு தெளிவாக இருந்தது. “ரெண்டு கோடுக்கா” என்றாள். குரலில் ஒரு கணம் சந்தோஷம்தான் இருந்தது. அதுதான் என்னால் தாங்கமுடியாமல் போனது.

டாக்டரம்மா ஸ்கேன் எடுத்தார். கரு குழாயில் தங்கியிருந்தால் உயிருக்கே ஆபத்து, அதனால்தான் இப்படி வந்தால் வீட்டிலேயே கிடக்கக்கூடாது என்றார். நல்லவேளை, அப்படி இல்லை. கர்ப்பப்பையில் தங்கியது, கலைந்துவிட்டது. ரத்தம் எடுத்தார்கள், இரண்டு நாள் கழித்து மறுபடியும் வரச் சொன்னார்கள். குடம் தூக்கியதாலா, மாத்திரையாலா என்று இவள் கேட்டாள். “ரெண்டும் இல்லம்மா. பெரும்பாலும் கரு சரியா உருவாகாம தானா கலையறதுதான். உன்மேல தப்பில்ல” என்றார். இவள் தலையாட்டினாள். நம்பினாளா என்று எனக்குத் தெரியாது.

திரும்பும்போது ஆட்டோவில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “குடம் எடுத்தப்ப உள்ளதான இருந்திருக்கும்?”

“ஆமாண்டி.”

“புள்ளய வயித்துல வச்சிகினே புள்ள குடுன்னு கேட்டிருக்கேன்க்கா.”

அந்த வீட்டில் தூரமானவளுக்குப் பின்பக்கம் இடம். தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஒரு பாய், தனித் தட்டு, தனி டம்ளர். மருமகள் போன் பண்ணியதும் வள்ளியம்மாள் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தார். “மாத்திர போட்டது ஒருவழியா எறங்கிட்டுதா? பின்னால போய்ப் படு” என்றார். தமிழ்மொழி பழக்கதோஷத்தில் சுவரோரமாகவே, எதையும் தொடாமல், பின்வாசல் வரைக்கும் போய்விட்டாள். நான் கத்தத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவளே நின்றாள்.

“இது தூரம் இல்லங்க அத்த. புள்ள. கலைஞ்சிட்டுதாம்.”

வள்ளியம்மாள் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் பின்பக்கம் போய்ப் பாயை எடுத்து உதறிக்கொண்டு வந்து, கூடத்தில் ஃபேனுக்கு நேர்கீழே விரித்தார். தலையணையும் போட்டார். மருமகளின் தோளைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, முறத்தில் பூண்டைக் கொட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

“எதுக்குங்க அத்த இவ்ளோ பூண்டு?” என்றாள் தமிழ்மொழி.

“பத்தியக் கொழம்பு வைக்கணும்” என்றார் கிழவி, நிமிர்ந்து பார்க்காமல். “புள்ள உண்டானவளுக்கு வேற இன்னாத்தப் போடறது?”

காலையிலிருந்து அழாதவள் அப்போதுதான் அழுதாள். நானும் உட்கார்ந்து பூண்டு உரித்தேன்.