பாண் ஓட்டோவில் போன புத்தகம்

உடையார்கட்டில் சுமித்திராவிடம் சட்டை தைக்கக் கொடுக்காத வீடு குறைவு. அளவெடுக்கும்போது பெண்கள் சும்மா நிற்பதில்லை. மாமியைப் பற்றி, வெளிநாட்டிலிருந்து போன் எடுக்காத மகனைப் பற்றி, வாயில் வந்ததையெல்லாம் கொட்டுவார்கள். கேட்டுக் கேட்டு, ஆளை மாற்றி ஊரை மாற்றி, ‘இரவற் சட்டை’ என்று ஒரு சிறுகதைத் தொகுப்பே எழுதிவிட்டாள். தையலில் சேர்த்ததைக் கொண்டு அச்சடித்தும் விட்டாள். அதோடு கை வெறுங்கை.

வெளியீட்டு விழா என்றால் மண்டபம் வேண்டும், பிரதம விருந்தினர் வேண்டும், முதற்பிரதியை மேடையேறி வாங்க ஒரு முதலாளி வேண்டும். அவளிடம் ஒன்றும் இல்லை. முகநூலில் போட்டாள். கனடாவிலிருந்து வாழ்த்து வந்தது, கும்பிடுகிற கை வந்தது. வாசித்தேன் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். இந்தக் கதைகளை யார் சொன்னார்களோ அந்தப் பெண்கள் இதை வாசிக்க வேண்டும். அவர்களே வாசிக்காவிட்டால் இரண்டாவது புத்தகம் எழுதுவதில்லை என்று கணவன் ஐயாத்துரையிடம் சொல்லிவிட்டாள். சொன்னால் சொன்னதுதான், அவள் அப்படிப்பட்டவள்.

வழி காட்டியவன் றிப்னாஸ். புத்தளத்தில் வளர்ந்து, குடும்பத்தோடு முல்லைத்தீவுக்குத் திரும்பி வந்து, ஓட்டோவில் பாட்டுப் போட்டு, பேக்கரியில் சுட்ட பாண் விற்கிறவன்.

“பாண் வாங்க ஆராவது டவுனுக்குப் போகினமா அக்கா? நான்தானே வாசலுக்குக் கொண்டு போறன். புத்தகத்தையும் தாங்கோ.”

“அதுக்கு உனக்கு என்ன தாறது தம்பி?”

“ஒண்டும் வேணாம். நான் இடுப்பில கட்டுற சாரத்துக்கு ஒரு மூட்டு அடிச்சுத் தாங்கோ, காணும்.”

சொந்த ஊரில் கொடுக்க அவளுக்குக் கூச்சம். முன்பு கடை போட்டுத் தைத்த விசுவமடுவுக்குப் பத்துப் புத்தகம் கொடுத்துவிட்டாள். தெருவுக்கு ஒன்று, கைமாற்றி வாசிக்கட்டும் என்று.

அட்டையைப் பற்றி இங்கே சொல்லத்தான் வேண்டும். அதை வடிவமைக்கத் தனியாகக் காசு கேட்டார்கள். கட்டாது என்றதும், அச்சகக்காரர் தன்னிடம் இருந்த ஒன்றையே போட்டுக் கொடுத்தார். நடுவில் முட்டை வடிவில் சுமித்திராவின் படம், சுற்றிவர மல்லிகைப்பூ, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, தலைப்பு அடியில் பொடி எழுத்தில். தன் முகத்தை அச்சில் பார்த்த சந்தோசத்தில் அவளுக்கு வேறொன்றும் தோன்றவில்லை. ஐயாத்துரை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வடிவாத்தான் இருக்கு. எங்கையோ கண்ட மாதிரியும் கிடக்கு” என்றார்.

புத்தகம் பாணோடு போன மறுநாள் ஞாயிறு. காலையில் ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வந்து படலையடியில் நின்றது. பின்னால் பூட்டிய பெட்டியிலிருந்து ஆறேழு பெண்கள் வெள்ளைச் சேலையோடு இறங்கினார்கள். முன்னால் வந்த இரஞ்சிதம், சுமித்திராவின் பழைய வாடிக்கைக்காரி, இறங்கும்போதே குரலெடுத்துவிட்டாள்.

“என்ர ராசாத்தி, ஒரு சொல்லுச் சொல்லாமப் போட்டியேடி…”

கழுத்தில் அளவுநாடாவோடு சுமித்திரா வெளியே வந்தாள். இரஞ்சிதத்தின் ஒப்பாரி பாதியில் நின்றது.

“எடியே. நீ இருக்கிறியோ?”

“ஓம் அக்கா. என்ன நடந்தது?”

“என்ன நடந்ததோ? படத்தைப் போட்டு, பூவைப் போட்டு, விளக்கையும் கொளுத்திக் கல்வெட்டு அனுப்பிப்போட்டு என்னட்டைக் கேக்கிறாய். முப்பத்தொண்டு முடிஞ்சும் எங்களுக்குச் சொல்லேல்லை எண்டு வழி நெடுக உன்ர மனுசனை ஏசிக்கொண்டு வாறம்.”

ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள் வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகம்தான் கல்வெட்டு. அந்த அச்சகத்தில் அதிகமாக அடிப்பதும் அதுதான். பாவம், முஸ்லிமான றிப்னாஸின் வீட்டில் அந்த வழக்கம் இல்லை. பாணோடு நீட்டிவிட்டுப் போய்விட்டான்.

“ஒரு போன் எடுத்திருக்கலாமே அக்கா.”

“செத்த ஆளுக்கு எப்பிடியடி போன் எடுக்கிறது?”

முதலில் சிரித்தது ஐயாத்துரை. பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. சுமித்திரா மட்டும் சிரிப்பை நிறுத்தி மெல்லக் கேட்டாள்.

“உள்ளுக்கு வாசிச்சனீங்களோ?”

“கல்வெட்டை ஆர் வாசிக்கிறது? சாமித்தட்டில வைச்சுக் கும்பிட்டனாங்கள்” என்றாள் பின்னால் நின்ற அழகம்மா.

சுமித்திரா முற்றத்தைப் பார்த்தாள். அழைப்பிதழ் அடித்துக் கூப்பிட்டிருந்தால் இவர்களில் ஒருத்தி வந்திருப்பாளா? செத்தவீடு என்றதும் சமையலைப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். இதைவிட நல்ல வெளியீட்டு விழா தனக்கு எங்கே வாய்க்கப்போகிறது?

“வந்தது வந்திட்டியள், இருங்கோ. இஞ்சேருங்கோப்பா, தேத்தண்ணி வையுங்கோ” என்று ஐயாத்துரைக்கும் சொன்னவள், கதிரை போதாமல் பாயும் விரித்தாள். நடுவில் நின்று முதற் கதையை வாசிக்கத் தொடங்கினாள். தங்கச்சியின் கலியாணத்துக்கு அடுத்த வீட்டில் சட்டை இரவல் வாங்கிப் போகிற கௌசலாவின் கதை. போன இடத்தில், சட்டைக்காரி முன்வரிசையில் வந்து இருக்கிறாள். அவளுக்கும் கௌசலாவுக்கும் காலையில்தான் வேலிச் சண்டை.

தேத்தண்ணி ஆறியது. ஒருவரும் எடுக்கவில்லை. சுமித்திரா புத்தகத்தை மூடினாள்.

“ஏனடி மூடுறாய்? அவள் சபையில வைச்சுச் சட்டையைக் கேட்டாளோ?” என்றாள் இரஞ்சிதம்.

“மிச்சம் உங்கட சாமித்தட்டில கிடக்கு அக்கா.”

லான்ட்மாஸ்டர் திரும்பிப் போகும்போது கௌசலாவைப் பற்றிய சண்டை பெட்டிக்குள் தொடங்கிவிட்டது. அது மதகு தாண்டும்வரை சுமித்திராவுக்குக் கேட்டது.

பின்னேரம் போன் அடித்தது. இரஞ்சிதம்.

“இப்பதான் முடிச்சனான். நீ எழுதினது பிழையடி. அவள் சட்டையைத் திருப்பிக் குடுத்திருக்கக் கூடாது.”

“ஏனக்கா?”

“ஏனோ? சொல்லுறன், கேள். நாலாவது கதையிலயும் ஒரு பிழை இருக்கு. அழகம்மாவும் பக்கத்தில நிக்கிறாள், அவளும் உன்னோட கதைக்க வேணுமாம்.”

சுமித்திரா அடுப்பைக் குறைத்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

“சொல்லுங்கோ அக்கா” என்றாள்.