பாய் பாஸ் பண்ணாத வெப்சைட்

அஞ்சாம் வகுப்போடு டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலைக்குப் போனவன் நான். இன்று திருப்பூரில் என் பேரில் மூன்று யூனிட் ஓடுகிறது. எங்கள் லைனில் வெப்சைட் வைத்துப் பனியன் விற்ற முதல் ஆளும் நான்தான். அதைப் புதுசாக மாற்ற வந்த படித்த டிசைனர் செய்த வேலையை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

புது சைட் ஓட ஆரம்பித்த மறுநாள் ஊத்துக்குளி ரஹ்மத்துல்லா பாய் கூப்பிட்டார். ரெடிமேட் கடைக்காரர். பார்வை போன பிறகும், போன் வாசித்துச் சொல்வதைக் கேட்டுத் தானே ஆர்டர் போடுகிறவர்.

"அண்ணா, போனு 'படம், படம், பட்டன்'னு மட்டும் சொல்லுதுங்க. சைஸ், கலர் ஒண்ணும் சொல்லலீங்க. இனி மச்சினனைத்தான் கூப்பிடோணும். அவன் ஏற்கெனவே இது என் கடைன்னு ஊருக்குள்ள சொல்லிட்டுத் திரியறானுங்க. எனக்குக் கண்ணுதானுங்க போச்சு, கடை போகலீங்க."

நாங்கள் வாட்ஸ்அப்பில் சேம்பிள் அனுப்பும்போது சைஸ், கலர், ரேட் எல்லாம் போட்டோ மேலேயே எழுதிவிடுவோம். டிசைனர் அந்தப் போட்டோக்களை அப்படியே ஏற்றிவிட்டான். போன் படிக்கத் தனியாக எழுத்தே இல்லை. கூப்பிட்டுக் கேட்டேன்.

"கண்ணு தெரியாதவங்க எத்தனை பேர் சார் வாங்கப் போறாங்க?"

"ஒருத்தர்தான் தம்பி. ஒருத்தர்தானேன்னு அவருக்குக் கழுத்து வெக்காமயா பனியன் அனுப்பறேன்?"

இரண்டு நாள் கழித்து வந்தான். "கண்ணு தெரியாதவங்களுக்கு சைட் சரியா இருக்கான்னு பாக்கற டூல்ல செக் பண்ணிட்டேன் சார், எர்ரரே இல்லை."

பாய்க்குப் போன் போட்டேன். போன் படிக்க எல்லாப் படத்துக்கும் 'பனியன்' என்று ஒரே பேர் வைத்திருக்கிறான்.

"பனியன் கம்பெனில பனியன்தான் இருக்கும்னு எனக்கும் தெரியுமுங்க" என்று பாய் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டிசைனரைப் பிடித்துக் கேட்டேன்.

"ஏந்தம்பி, துணில முறிஞ்ச ஊசி இருக்கான்னு பாக்கற மெஷின்ல பாஸானா கழுத்து நேரா இருக்குதுன்னு அர்த்தமா? எக்ஸ்போர்ட்ல சரக்கை செக் பண்ண வர்ற பையரோட கியூசி பாஸ் பண்ணாட்டி லாட்டே பிரிச்சுத் தைக்க ஆல்டருக்குத் திரும்பிரும். இந்த சைட்டுக்குப் பாய்தான் கியூசி. போய் அவர் கடைல உக்காரு."

போனான். கழுத்து, கை, கலர், சைஸ் எல்லாவற்றையும் எழுத்தாக அடித்தான். ஒவ்வொரு பட்டனுக்கும் பேர் வைத்தான். பாய் ரிஜெக்ட் செய்தார். திரும்பச் செய்தான். அப்புறம்தான் பாஸ்.

அடுத்த வாரம் பாயே போட்ட ஆர்டர் வந்தது. பின்னாலேயே மச்சினன் கூப்பிட்டான்.

"மச்சானுக்குக் கண்ணு தெரியாதுங்க. அந்த ஆர்டரை நிறுத்துங்க, என்ன வேணும்னு நான் சொல்றேன்."

"ஆர்டர் போட்டது கடைக்காரருங்க. நீங்க யாருங்க?"

போனை வைத்துவிட்டான். பண்டலைப் பாய் பேருக்கே லாரியில் ஏற்றினேன்.

வெப்சைட் தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, ஒருவர் தன் கடைக்குத் தானே சரக்கு எடுக்க முடியாதபடி சைட் செய்கிறவன், கடைச் சாவியை அவரிடமிருந்து பிடுங்கி இன்னொருத்தன் கையில் கொடுக்கிறான்.