விரலுக்கு இரண்டு எச்சரிக்கை

ஆம்பூரில் தோல் விற்கிற எங்கள் கம்பெனியில் மார்க்கெட்டிங் என்றால் நான்தான். படித்தது பி.ஏ. வரலாறு. பல வருஷமாக அதை யாரும் கேட்டதில்லை. திடீரென்று ஒரு வெளிநாட்டு வியாபாரி, தன்னோடு பேசுகிறவர் மார்க்கெட்டிங்கில் பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கியவராக இருக்க வேண்டும் என்று மெயில் அனுப்பிவிட்டார். பாஸ் செய்தால் நான் மேனேஜர், இல்லாவிட்டால் எம்.பி.ஏ. படித்த ஒரு பையனைச் சென்னையிலிருந்து கொண்டுவரப் போவதாக முதலாளி சொன்னார். சொல்லும்போதே அவர் முகம் வாடியது. எம்.பி.ஏ.வுக்குச் சம்பளம் ஜாஸ்தி.

பரீட்சை வீட்டிலேயே, கம்ப்யூட்டரில். எங்கிருந்தோ ஒருவர் கேமரா வழியாக நம்மைக் காவல் காப்பார். அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது, கைகள் மேசைமேல் தெரிய வேண்டும், மூன்றாவது எச்சரிக்கையில் பரீட்சை ரத்து. கணவரையும் பிள்ளைகளையும் பிரியாணிக் கடைக்கு விரட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

விலை வைப்பது பற்றி ஒரு கேள்வி வந்தது. யோசித்தேன். உடனே காவல்காரர், யாருக்குச் சைகை காட்டுகிறீர்கள் என்று எச்சரித்தார். திகைத்துப் போய்த் திரையில் என்னையே பார்த்தேன். இடது கையில் கட்டைவிரல் ஆள்காட்டி விரலை உரசிக்கொண்டிருந்தது. தோலைத் தடவித் தரம் பார்க்கிற பழக்கம். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள், தோல் தொட்ட விரல் மட்டும் இருக்குமா? எங்கள் தொழிலில் பாதிப் பேருக்கு இப்படித்தான் யோசனையே ஓடும். இதையெல்லாம் அவருக்கு ஆங்கிலத்தில் விளக்கினேன். விளக்கும்போதே விரல் மறுபடி உரசியது. இரண்டாவது எச்சரிக்கை.

இடது கையை மேசையில் அழுத்தி வைத்தேன். மேசை விரிப்பு ரெக்சின். விரல் அதையும் தரம் பார்க்கத் துடித்தது. அழுகையே வந்துவிட்டது. நல்லவேளை, கடைசிப் பகுதி தொழில் ஒழுக்கம். சரக்கு சாம்பிளைவிடத் தரம் குறைவு என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள்? உள்ளதைச் சொல்வேன். யோசிக்கத் தேவையில்லாததால் விரலும் சும்மா இருந்தது.

பாஸ். முதலாளி சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டு மாட்டி, எல்லோருக்கும் ஸ்வீட் கொடுத்தார். அதே வாரம் என்னைக் கூப்பிட்டு ஒரு துண்டுத் தோலைக் கையில் வைத்தார். அந்த வெளிநாட்டுக்காரருக்குப் போகிற சரக்கு. சாம்பிள் மாதிரியேதான் என்று மெயில் போடச் சொன்னார். தடவினேன். சாம்பிள் வேறு, இது வேறு. மேனேஜர் நாற்காலியின் பிளாஸ்டிக் உறையைக்கூட நான் இன்னும் பிரிக்கவில்லை. பயமாகத்தான் இருந்தது.

"அப்டி எழுத மாட்டேன் சார். பரீட்சையில வேற பதில் போட்டிருக்கேன்."

"இன்னாம்மா, இதுக்கா காசு கட்டி உன்ன பாஸ் பண்ண வெச்சேன்?"

துண்டை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். அவருடைய கட்டைவிரலும் தானாக உரச ஆரம்பித்தது. நான் காவல்காரர் மாதிரி அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து குடோனுக்குப் போன் போட்டு, சரக்கை மாற்றச் சொன்னார்.

"அந்த எம்.பி.ஏ. பையனா இருந்தா பேசாம மெயில் போட்டிருப்பான்" என்றார் என்னிடம்.

அது திட்டா, பாராட்டா என்று தெரியவில்லை. என் நாற்காலிக்கு வந்து உட்கார்ந்து, விரலை உரசியபடி யோசித்துக்கொண்டிருந்தேன்.