வெயிலம்மாள் வீட்டு நரிவால் பனை

கோவில்பட்டிக்குக் கிழக்கே புதுக்காலனியில், வெயிலம்மாள் தன் வீட்டு வாசலில் அந்தக் கன்றை நட்ட அன்று தெருவே வந்து விசாரித்தது. நுங்கு காய்க்குமா? காய்க்காது. பதநீர் இறங்குமா? இறங்காது. ஓலை எதற்காவது ஆகுமா? ஆகாது. அப்புறம் என்ன எழவுக்கு இந்தப் பனை என்று சிரித்துவிட்டுப் போனார்கள். பார்க்க நல்லாருக்கும் என்று அவள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. ஒரு பொம்பளை தன் கண்ணுக்கு அழகாக ஒன்றை வைத்துக்கொள்வது அவ்வளவு பெரிய குற்றமா?

வெயிலம்மாள் ஊருக்கு அந்தக் கடைசியில் இருக்கிற மில்லில் கேண்டீன் சமையல்காரி. பிறந்தது கரிசக்காட்டில் வெள்ளாமை செய்கிற சம்சாரி வீட்டில். உளுந்து, பருத்தி, மக்காச்சோளம் என்று அவள் கைபட்டு வளர்ந்தது எல்லாமே மூட்டையாகி லாரி ஏறிப் போயிருக்கிறது. வாக்கப்பட்ட இடத்திலும் அதே கதைதான். ஆடு வளர்த்தால் விற்பதற்கு, முருங்கை வைத்தால் குழம்புக்கு. விற்கவும் தின்னவும் ஆகாமல், சும்மா நின்று காற்றில் அசைய ஒன்று தனக்கென்று வேண்டும் என்று நாற்பது வயதுக்கு மேல் அவளுக்கு ஆசை வந்தது. நர்சரியில் இடுப்புயரத்தில் அந்தக் கன்றைப் பார்த்தாள். ஓலை ஒவ்வொன்றும் நரிவால் மாதிரி புசுபுசுவென்று இருந்தது.

"ஃபாக்ஸ்டெயில் பாம்க்கா. வறட்சி தாங்கும். ஆனா வேர்ல தண்ணி தேங்குனா செத்துரும்" என்றான் நர்சரிக்காரன்.

கரிசலின் குணத்தை அவளுக்குச் சொல்லியா தர வேண்டும்? ஐப்பசியில் சேறாகிக் காலைப் பிடிக்கும். சித்திரையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். அதனால் ஆழக் குழி வெட்டி, கரிசலை அள்ளி வெளியே போட்டு, செம்மண்ணும் சரளும் மணலும் கலந்து நிரப்பி, தரைக்கு மேலே முழங்கால் உயரத்துக்கு மேடு கட்டித்தான் நட்டாள். வெயிலுக்கு மண் காயாமலிருக்க மேட்டின் மேல் கடலைத்தோட்டைக் கனமாகப் பரப்பினாள். கடலைமிட்டாய் ஊரில் அதற்கா பஞ்சம்? பஞ்சமெல்லாம் தண்ணீருக்குத்தான். குழாயில் எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. கேண்டீனில் அரிசி களைந்த தண்ணீரைக் கேனில் பிடித்து டவுன் பஸ்ஸில் தூக்கி வருவாள். "பொம்பளையாளுக்குத்தான் ஃப்ரீ, கேனுக்கு இல்ல" என்று கண்டக்டர் கேலி பேசுவார். பேசட்டும். தினமும் நாக்கை நனைக்கிற மாதிரி தெளிக்காமல், வாரத்துக்கு ஒருதரம் அடிவேர் வரை இறங்கும்படி ஊற்றினாள். அது வேர்விட்டு நின்றுகொண்டது.

ஏழு வருடத்தில் அது மொட்டைமாடியை எட்டிவிட்டது. சிமெண்டும் தகரமுமான அந்தத் தெருவில் பச்சை என்று சொல்ல அது ஒன்றுதான் இருந்தது. சிரித்த வாயெல்லாம் இப்போது "நம்ம தெருப் பனை" என்றது. பிறந்தநாளா, அதன் அடியில் நின்று போட்டோ. ஆட்டோக்காரனுக்கு வழி சொல்ல வேண்டுமா, அந்த அழகுப்பனை வீட்டுக்கு எதிர்த்த வீடு. இந்த நம்ம தெருக்காரர்களில் ஒருத்தர் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றியிருப்பாரா? வெயிலம்மாள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது ஒரு நிமிடம் தூரில் கை வைத்துவிட்டுப் போவாள். பழுத்த மட்டைகூடத் தானாகக் கழன்று விழுகிற மரம் அது. அவள் அதில் அரிவாள் வைத்ததே இல்லை.

தெருக்கோடி மாடிவீடு பூவனநாதன் அண்ணாச்சிக்குச் சொந்தத்தில் தீப்பெட்டி செய்கிற ஆபீஸ் இருக்கிறது. வெயிலம்மாளின் புருஷன் தங்கப்பாண்டி அங்கேதான் லோடுவேன் ஓட்டுகிறார். அண்ணாச்சி மகள் ஜெயப்பிரியாவுக்குக் கல்யாணம் வந்தது. மண்டப வாசலை ஜோடிக்க வந்தவன் தெருவில் வரும்போது பனையைப் பார்த்துவிட்டான். ஓலை கொண்டையோடு வேண்டும், வாசல் வளைவின் உச்சியில் வைத்தால் ஜம்மென்று இருக்கும் என்றான். அண்ணாச்சி தங்கப்பாண்டியைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர் ஒரு நொடிகூட யோசிக்காமல் தலையை ஆட்டிவிட்டார்.

வெயிலம்மாள் வேலை முடிந்து வந்தபோது சுவரில் ஏணி சாய்ந்திருந்தது. பனையின் தலை, குருத்தோடு, லோடுவேனில் கிடந்தது. மொட்டை மரம் மட்டும் வெட்டுவாயில் நீர் கசிய நின்றது. கையிலிருந்த கேனை அப்படியே கீழே போட்டாள்.

"யார்லே வெட்டுனது?"

"கத்தாதட்டி. நான்தான் சொன்னேன். அண்ணாச்சி வீட்டுக் கல்யாணம்" என்றார் தங்கப்பாண்டி.

"என் மரத்தைக் குடுக்க நீங்க யாரு?"

அண்ணாச்சி நடுவில் வந்தார். "ஓலைதானம்மா, திரும்ப வந்துட்டுப் போகுது. நீ ஷோவுக்குத்தான வச்சிருக்க? நாங்களும் ஷோவுக்குத்தான கேக்கோம்."

"பனங்காட்டு ஊர்லதான பொறந்தீங்க, அண்ணாச்சி? கொண்டையை வெட்டுனா எந்தப் பனை திரும்பத் துளிர்க்கும்? நுங்குப் பனையில இப்பிடி அரிவாள் வைப்பீங்களா? கை நடுங்கும்லா? எனக்குப் பிடிச்சதுன்னா மட்டும் அது மரம் இல்லியோ?"

அண்ணாச்சி வேன் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்குத் தெரியாததா? சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். வேப்பமரம் என்றால் வெட்டினாலும் பக்கத்தில் துளிர்க்கும். பனைக்கு உள்ளது ஒரே குருத்து, அது போனால் அவ்வளவுதான். தெரிந்தும் வெட்டினார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல். வேன் கிளம்பிப் போய்விட்டது.

கல்யாணத்துக்கு வெயிலம்மாள் போகவில்லை. "ஒரு மரத்துக்கா இவ்வளவு வீம்பு?" என்று தெரு பேசியது. அந்த வாரம் முழுக்க வீட்டில் சோறு பொங்கினாள், தங்கப்பாண்டிக்குப் பரிமாறவில்லை. அண்ணாச்சி அதே ஜாதிக் கன்று ரெண்டு வாங்கி அனுப்பினார். வந்த ஆட்டோவிலேயே திருப்பி அனுப்பினாள். மொட்டை மரம் காய்ந்து வெளிறி வாசலில் நின்றது. அதை எடுக்க அவள் விடவே இல்லை.

"பாக்கவே கேவலமா இருக்கு. தோண்டி எடுத்துருதேன்" என்றார் தங்கப்பாண்டி.

"தொட்டுப் பாருங்க, தெரியும்."

மறுவீட்டுக்கு வந்த ஜெயப்பிரியா, தெருவுக்குப் பலகாரம் கொடுக்கத் தட்டோடு புறப்பட்டாள். அண்ணாச்சி அவளுக்கு முன்னால் ஓடி வந்து வெயிலம்மாளிடம் கெஞ்சினார்.

"மொட்டை மரம் வாசல்ல நிக்கது பிள்ளைக்குச் சகுனத்துக்கு ஆகாதும்மா. இன்னைக்கு மட்டும் சாக்கைச் சுத்தி மறைச்சு வையேன்."

"சகுனத்தை வெட்டுததுக்கு முன்னால பாத்திருக்கணும்."

அதற்குள் அந்தப் பெண் வந்துவிட்டாள். மொட்டை மரத்தைப் பார்த்தாள். "இங்கன உள்ள பனை எங்க, அத்தை?" என்றாள்.

"உன் கல்யாண வளைவுல இருந்துச்சே தாயி, பாக்கலியா?"

ஜெயப்பிரியா அப்பாவைப் பார்த்துத் திரும்பினாள்.

"யாரைக் கேட்டு வெட்டுனிய?"

"தங்கப்பாண்டி மாமாட்டக் கேட்டுத்தாம்மா."

"அத்தைட்டக் கேட்டியளா?"

அண்ணாச்சி வாசலில் நின்ற தங்கப்பாண்டியைப் பார்த்தார். இத்தனை நாளில் இத்தனை பேர் சமாதானம் சொல்ல வந்தார்களே, இந்த ஒரு கேள்வியை ஒருத்தர் கேட்டாரா?

வெயிலம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. தட்டை வாங்கிக்கொண்டு, ஜெயப்பிரியாவின் தோளில் கை போட்டாள்.

"நீ உள்ள வா தாயி, காப்பி போடுதேன்" என்றாள்.

ரெண்டு ஆம்பளைகளும் கூடவே படியேறப் பார்த்தார்கள். அவள் கிரில் கதவை இழுத்துச் சாத்தி உள்ளே கொண்டி போட்டாள்.