மிஷினுக்கு லீவு

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் புல்வெட்டும் மிஷின் இன்று பொட்டு வைத்துக்கொண்டு நிற்கிறது. ஆயுத பூஜை. கிரீஸ் வாசனையும் சந்தன வாசனையும் கலந்து மூக்கில் ஏறியதும் எனக்கு மறுபடியும் ஏழு வயது.

அப்பா அப்போது கன்டோன்மென்டில் ஒரு வெள்ளைக்காரத் துரைசானியின் பங்களாவில் தோட்டக்காரர். மழைக்காலம் முழுக்கப் புல்லோடு மல்லுக்கட்டிய தள்ளு மிஷினை, பூஜைக்கு முந்தின நாள் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, பிளேடுகளைச் சாணை பிடித்து, எண்ணெய் விடுவார். எனக்கு அவர் அத்தனை பொறுமையாக எண்ணெய் தேய்த்துவிட்டதில்லை.

அந்த வருஷம் பூஜையன்று நானும் கூடப் போயிருந்தேன். துரைசானி வந்து நின்றார்.

"மாரி, ஈவினிங் பார்ட்டி. கிராஸ் வெட்டு."

"இன்னைக்கு மிஷினுக்கு லீவும்மா. தொடக் கூடாது."

"அப்போ நாளைலேர்ந்து உனக்கும் லீவு!"

அப்பா மிஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விறுவிறுவென்று எங்கள் வீடு இருந்த நீலசந்திராவுக்குப் போய், பக்கத்து வீட்டு ஆடுகள் நான்கை ஓட்டிக்கொண்டு வந்தார்.

"என்ன இது?" என்று துரைசானி அலறினார்.

"ஆடும்மா. இது ஆயுதத்துல சேராது."

மதியத்துக்குள் புல்தரை மட்டமாகிவிட்டது. ரோஜாப் பாத்தியும்தான். அடுத்த வருஷம் துரைசானி இரண்டு நாள் முன்பே புல் வெட்டச் சொல்லிவிட்டு, மிஷினுக்குத் தன் கையாலேயே பொட்டு வைத்தார்.

இதோ, சாயங்காலம் புல்தரையில் மகளுக்குப் பிறந்தநாள், இப்போதே வெட்டியாக வேண்டும் என்று எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் தோட்டக்காரரிடம் கத்திக்கொண்டிருக்கிறார். நான் மெதுவாக வாட்ச்மேன் பக்கம் போனேன்.

"ஏம்பா, இங்க பக்கத்துல யாராச்சும் ஆடு வளக்கறாங்களா?"