விளக்கெண்ணெய் தடவிய பந்து

போன சனிக்கிழமை, சிங்கப்பூர் தஞ்சோங் பகார் துறைமுகத் திடலில், கொட்டும் மழையில் நின்றுகொண்டு கை வலிக்கக் கைதட்டினேன்.

எங்கள் டீம் கோல் போட்டதற்காக அல்ல. இந்த சீசன் முழுக்க எங்கள் டீம் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. அன்றைக்கும் ஜெயிக்கவில்லை.

பிறகு எதற்குக் கைதட்டல் என்கிறீர்களா? சொல்கிறேன், பிள்ளைகளே. ஆனால் இந்தக் கதையில் குற்றவாளி நான்தான்... அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சிராங்கூன் ரோட்டில் மாட்டு வண்டிக் கொட்டகையில் மேஸ்திரி வேலை. என் மகன் மாணிக்கம் காலேஜில் படிக்கிறான். காலேஜ் ஃபுட்பால் டீமுக்கு அவன்தான் கோல்கீப்பர். கேப்டன் காதர், எங்கள் தெரு அரிசிக்கடைக்காரர் மகன். என்னை ‘மாமா’ என்றுதான் கூப்பிடுவான். லீக்கில் எங்கள் காலேஜ் சேர்ந்தது இந்த வருஷம்தான்.

முதல் இரண்டு ஆட்டமும் தோல்வி. மூன்றாவது ஆட்டம் எங்கள் சொந்தத் திடலில். சொந்தத் திடலில் ஆடுகிறவர்கள்தான் பந்து கொண்டுவர வேண்டும். காலேஜிடம் இருந்ததோ ஒரே பந்து. வெயிலிலும் மழையிலும் கிடந்து, தோல் கொட்டாங்கச்சி மாதிரி இறுகிப் போயிருந்தது.

“தலையால முட்டினா மண்டை தெறிக்குதுப்பா” என்று வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினான் மாணிக்கம்.

கொட்டகையில் மாட்டு வார் இறுகிப் போனால் நாங்கள் என்ன செய்வோம்? விளக்கெண்ணெய் தடவி வெயிலில் போடுவோம். மறுநாள் வார் சொன்னபடி வளையும். தோல் என்றால் எல்லாம் தோல்தானே? பையன் வகுப்புக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அரைப்படி எண்ணெயைப் பந்துக்கு ஊட்டிவிட்டேன். பந்து மினுமினுவென்று இருந்தது. எனக்கு ஒரே பெருமை. யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஆட்டத்தில் மாணிக்கம் மூன்று தடவை பந்தைப் பிடித்தான். மூன்று தடவையும் அது விரலிடுக்கில் வழுக்கிக்கொண்டு கோலுக்குள் போனது.

“சாப்பிட்டுட்டுக் கை கழுவலையா தம்பி?” என்று சுற்றி நின்றவர்கள் கேட்டார்கள்.

மறுநாள் பிரின்சிபால் துரை காதரைக் கூப்பிட்டு அனுப்பினார். பாக்கி இருந்தது நான்கு ஆட்டம். அதில் ஒன்றையாவது தோற்காமல் முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருஷம் லீக்கும் இல்லை, டீமும் இல்லை என்றுவிட்டார்.

மாணிக்கம் அன்றைக்குச் சாப்பிடவில்லை. “நான் டீமை விட்டு நின்னுக்கறேன்ப்பா. என் கையிலதான் கோளாறு” என்றான்.

கோளாறு யார் கையில் என்று எனக்கல்லவா தெரியும்? சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. தப்பை ஒப்புக்கொள்ளும்போது உங்களுக்கு மட்டும்தான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்று நினைக்காதீர்கள். அப்பாக்களுக்கும் ஒட்டும். இன்னும் கெட்டியாக ஒட்டும்.

இரண்டு நாள் விழுங்கினேன். மூன்றாம் நாள் சாயங்காலம், குதிரைப் பந்தயத் திடலுக்குப் பக்கத்தில் டீம் பழகும் இடத்துக்கே போய், பதினொரு பேர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

மாணிக்கம் பந்தை எடுத்து முகர்ந்து பார்த்தான்.

“அதான் அந்த வாடையா? யாரோ வயித்துக்குக் குடிச்சிட்டு வந்திருக்கான்னு நெனச்சேன்.”

முதலில் சிரித்தது காதர். அப்புறம் எல்லாரும்.

“வேற பந்து கேக்கலாமா தம்பி?” என்றேன்.

“இப்ப யார் மாமா துரை முன்னால போய் நிக்கிறது? மிச்ச ஆட்டமெல்லாம் வெளித் திடல்ல. அவங்க பந்து வரும். பழகுறதுக்கு இதுதான்.” காதர் மாணிக்கத்தைப் பார்த்தான். “இதையே பிடிக்கக் கத்துக்கடா. இதைப் பிடிச்சிட்டா எதையும் பிடிச்சிரலாம்.”

சீயக்காய் போட்டுத் தேய்த்தோம். சாம்பலில் புரட்டினோம். குடித்த எண்ணெயை அந்தப் பந்து விடுவதாக இல்லை.

சரி, கெடுத்தவனே கூட நிற்கட்டும் என்று நான் முடிவு செய்தேன். தினமும் சாயங்காலம் கொட்டகை முற்றத்தில் நான் எறிவேன், மகன் பிடிப்பான். நழுவும். மறுபடி எறிவேன். மறுபடி நழுவும். எத்தனையோ நாள் நழுவிய பிறகு அவனே ஒரு வழி கண்டான். விரலை நம்பாமல், இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டால் எண்ணெய்ப் பந்தும் எங்கேயும் போகாது.

ஆனால் அதில் ஓர் ஆபத்து இருந்தது. பந்தை வைத்திருக்கும் கோல்கீப்பரை எதிர் டீம்காரர் தோளால் இடிக்கலாம், சட்டம் தடுக்காது. பந்தோடு கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டால் கோல்தான். அதனால் தவிட்டு மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, பெற்ற மகனை நானே இடித்தேன்.

“பின்னால சாயாதே. முன்னால விழு.”

“மாடெல்லாம் வேடிக்கை பார்க்குது” என்று என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். “புள்ளைய இடிச்சு விளையாடுற வயசா இது?”

“இவர் இடிக்கிறது பத்தலம்மா” என்றான் அவன், மண்ணைத் தட்டிக்கொண்டே.

நாலாவது ஆட்டத்தில் நான்கு கோல் வாங்கினோம். ஐந்தாவதில் இரண்டு. ஆறாவதில் ஒன்று. மூன்றும் தோல்விதான். ஆனால் கோல்கள் எப்படிக் குறைந்துகொண்டு வந்தன, பார்த்தீர்களா? பையன்களும் பார்த்தார்கள். ஒருத்தனும் டீமை விட்டு விலகவில்லை.

மிச்சம் இருந்தது ஒரே ஓர் ஆட்டம். போன சனிக்கிழமை, துறைமுகக் கிளார்க்குகளோடு, அவர்கள் திடலில். டிராம் வண்டியில் போய் இறங்கும்போதே வானம் கறுத்திருந்தது. ஹாஃப் டைமுக்கு முன்னால் கொட்டத் தொடங்கியது. நனைந்த பந்து யார் கையில் நிற்கும்? எதிர்ப் பக்கத்துக் கோல்கீப்பர் இரண்டு தடவை நழுவவிட்டார் — எங்கள் பையன்கள் இரண்டையும் வெளியே அடித்தார்கள், அது வேறு விஷயம். மாணிக்கத்துக்கு மட்டும் வழுக்குகிற பந்து பழைய சிநேகிதன். வந்ததையெல்லாம் வாரி அணைத்தான்.

“என்னடா இவன், பச்சப்புள்ளையத் தூக்குற மாதிரி தூக்குறான்?” என்றார் எனக்குப் பக்கத்தில் நின்ற கப்பல்துறை ஆள் ஒருவர்.

“தாலாட்டு ஒண்ணுதான் பாக்கி” என்றார் இன்னொருவர்.

இரண்டு பக்கமும் கோல் இல்லை. இப்படியே முடிந்தால் போதும்.

கடைசி நிமிஷம். உயரமாக ஒரு பந்து வந்தது. மாணிக்கம் எட்டிப் பிடித்து நெஞ்சோடு சேர்த்தான். கூடவே வந்தார் ஒரு கிளார்க். எங்கள் கொட்டகையில் அவருக்கு ஜோடி மாடு தேட வேண்டும், அப்படி ஓர் உடம்பு. தோளால் ஓர் இடி... எனக்கே எலும்பு நொறுங்கியது போல் இருந்தது.

“முன்னால விழு” என்று கத்த நினைத்தேன். அதற்குள்...

விழுந்தான். முன்னால்தான் விழுந்தான். கால்கள் கோலுக்கு உள்ளே, நெஞ்சும் பந்தும் கோட்டுக்கு வெளியே. ரெஃப்ரீ சேற்றில் குனிந்து பார்த்தார். கோல் இல்லை என்று கையை ஆட்டினார். அப்புறம் நீளமாக விசில்.

பூஜ்யத்துக்குப் பூஜ்யம். தோற்கவில்லை. அடுத்த வருஷமும் டீம் உண்டு. காதர் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதான். மாணிக்கம் பந்தை விட மறந்து அப்படியே நடந்துவந்தான். ரெஃப்ரீதான் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

இப்போது சொல்லுங்கள், நான் கைதட்டியது தப்பா?

திங்கட்கிழமை காதர் மாணிக்கத்தோடு கொட்டகைக்கு வந்தான். அக்குளுக்கு ஒன்றாக இரண்டு பந்து. ஒன்று, காலேஜ் கொடுத்த புத்தம் புதுசு.

“இது மேட்சுக்கு மாமா. இதை நீங்க தொடவே கூடாது.” பழைய பந்தை என் முன்னால் வைத்தான். “இது பழகுறதுக்கு. எண்ணெய் காஞ்சு போச்சு. இன்னொரு அரைப்படி கிடைக்குமா?”

நான் மாணிக்கத்தைப் பார்த்தேன். “ஊத்துங்கப்பா” என்றான்.

இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான் தடவினேன்.