லாட்ஜ் சோபாவின் வயிற்றில் இருந்தது

எழுபதுகளின் கடைசியில், மதுரை ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சந்திலிருந்த ஒரு லாட்ஜில் நான் மேனேஜர். மேனேஜர் என்றால் சாவி கொடுப்பவன், சாவி வாங்குபவன். இடைப்பட்ட நேரத்தில் நகைச்சுவைக் கதை எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பி, அவை பத்திரமாகத் திரும்பி வரும்போது கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்பவன்.

வரவேற்பறையில் மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்று கிடந்தது. முதலாளி திருமங்கலத்துக்காரர். சோபா பராமரிப்பில் அவருக்கு ஒரே கொள்கைதான்: கிழிந்தால் மேலே ஓர் உறை. பச்சை ரெக்ஸின் கிழிந்ததும் அதன் மேல் சிவப்பு ரெக்ஸின். அதுவும் போனதும் பூப்போட்ட துணி. எண்ணெய்த் தலைகள் சாய்ந்து சாய்ந்து அது வட்டம் வட்டமாகக் கறுத்ததும் லாட்ஜ் பெட்ஷீட். சவரம் முடிந்ததும் பிளேடில் இன்னும் கூர் இருக்கிறதா என்று சோபாவில் கீறிப் பார்க்கும் கனவான்கள் எங்கள் வாடிக்கையாளர்கள்.

பழங்காநத்தத்திலிருந்து குஷன் வேலைக்காரர் ஒருவரைக் கூட்டி வந்தேன். அவர் முழங்காலை வைத்து ஓர் அழுத்து அழுத்தினார். உள்ளே ஏதோ முனகியது.

“அடிப்பட்டை அறுந்துபோச்சுண்ணே. ஸ்பிரிங் எல்லாம் சாஞ்சு கெடக்கு. மொத்தமாப் பிரிக்கணும்.”

“பிரிக்கவெல்லாம் வேணாம். மேல நல்லதா ஒரு உறை தச்சுப் போடு,” என்றார் முதலாளி.

“பொணத்துக்குச் சட்டை மாத்துற வேலை நமக்கு ஆகாது மொதலாளி. நான் வாரேன்.”

முதலாளி அசரவில்லை. என்னிடம் சொன்னார்: “இங்க ஆளுக படுக்கத்தானப்பா வாராக, உக்காரவா வாராக?”

மறு வாரமே, உட்கார ஒருவர் வருவதாகக் கடிதம் வந்தது. கோச்சடையில் குடியிருப்பவர், மிஷன் பள்ளி ஒன்றில் கைத்தொழில் ஆசிரியர். பெண்ணை எனக்குக் கொடுக்கலாமா என்று பார்க்க, ஞாயிறு காலை லாட்ஜுக்கே வருகிறார். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. அதற்கு முன் மூன்று வீட்டில் “லாட்ஜா?” என்ற ஒரே கேள்வியோடு எழுந்து போயிருந்தார்கள். நேரில் வந்து பார்க்கத் துணிந்தவர் இவர் ஒருவர்தான். இவரும் போனால் நாலாவது.

சனிக்கிழமை மத்தியானம் நானே வேலையில் இறங்கினேன். புத்தகம் அதிகம் படித்தவனுக்கு வரும் வியாதி அது. தடித்தடியான நாவல்களைக் கரைத்துக் குடித்தவனுக்கு நாலு ஸ்பிரிங் எம்மாத்திரம்? சாய்ந்த ஸ்பிரிங்குகளை மொட்டைமாடித் துணிக்கொடியை அவிழ்த்துக் கட்டினேன். அறுந்த பட்டைக்குப் பதிலாகச் சாக்கு. குஷனுக்கு அடிப்பது குட்டை ஆணி என்பது தெரியாமல், காலண்டர் மாட்டும் இரண்டங்குல ஆணிகளை அறைந்தேன். அப்படியும் நடுவில் பள்ளம். தலையணைப் பஞ்சு போதவில்லை. என் அறையில் காகிதம் நிறைய இருந்தது, திணித்தேன். மேலே சலவை பெட்ஷீட். தூர நின்று பார்த்தால் சோபாதான்.

ஆசிரியர் சொன்ன நேரத்துக்கு வந்தார். சட்டைப்பையில் பேனாவும் மடக்கு அளவுகோலும். சோபாவின் ஓரமாக உட்கார்ந்தார். தாங்கியது.

“நீங்களும் உக்காருங்க தம்பி.”

“இருக்கட்டும் சார்.”

அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு அவர் முகம் மலர்ந்தது. இரண்டு பேர் பாரத்தைப் பற்றிய கவலை அது என்று நான் திருத்தவில்லை.

“அட, உக்காருங்க,” என்று கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். கீழே துணிக்கொடி அவிழ்ந்தது. நடுப்பள்ளம் எங்கள் இருவரையும் சேர்த்து விழுங்கியது. தோளோடு தோள் ஒட்டி, சம்பந்தம் முடிந்துவிட்டவர்கள் போலக் கிடந்தோம்.

அவர் எழுந்து, வேட்டியை ஓர் ஆணியிலிருந்து விடுவித்து, சோபாவைக் கவிழ்த்தார். சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பது போல் பார்த்தார்.

“யாரு தம்பி இந்த வேலையச் செஞ்சது?”

“பழங்காநத்தத்துல ஒரு குஷன்காரர் சார். ஏமாத்திப்புட்டாரு.”

“இம்புட்டு நீள ஆணிய எந்தக் குஷன்காரன் அடிப்பான்?” என்றபடி சாக்கைப் பிய்த்துக் கையை உள்ளே விட்டார். கையோடு வந்தது என் கதை. பன்னிரண்டு பக்கம். பிரசுரிக்க இயலாததற்கு வருந்தும் சீட்டு குண்டூசியோடு அப்படியே இருந்தது.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்றபடியே வாசித்தார். நகைச்சுவைக் கதை. முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. அந்த நிலையிலும் எனக்கு, நாலாம் பக்கத்தில் சிரித்துவிடுவார் என்று ஒரு நம்பிக்கை. நாலாம் பக்கம் போயிற்று.

“இத எழுதுனது யாரு?”

அதற்கு மட்டும் பொய் வாயில் வரவில்லை. “நான்தான் சார்.”

“அப்ப சோபாவும் நீங்கதான்.”

பக்கங்களை ஓரம் தட்டி அடுக்கிக் கொடுத்தார். காபியை நின்றபடியே குடித்துவிட்டுப் போனார்.

நாலு நாளில் அஞ்சலட்டை வந்தது. “சோபாவைப் பழங்காநத்தத்துக்காரரிடமே கொடுங்கள். நம் விஷயம் இத்துடன் நிற்கட்டும்.” மறுத்தது பொய்க்காகவா கதைக்காகவா என்று எழுதவில்லை.

அட்டையை முதலாளியிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். பிறகு சோபாவைப் பார்த்தார்.

“பெட்சீட்டு அழுக்காயிருச்சேப்பா. மாத்திப் போடு.”

மாற்றிப் போட்டேன்.